தாயைப் பிரியாத விலங்கைத் தொட்டியில் அடைப்பது: ஓர்காக்கள் பற்றி ஓர் அறிமுகம்

1970 மார்ச் மாதம். கனடாவின் மேற்குக் கரையில் பெடர் வளைகுடா என்ற இடத்தில் ஐந்து ஓர்காக்கள், அதாவது 'கொலைகாரத் திமிங்கிலங்கள்', வலைக்குள் சிக்கின. இரண்டைப் பக்கத்திலிருந்த ஒரு கடல்விலங்குக் காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். மீதி மூன்றும் வலையடைப்பிலேயே கிடந்தன. பிடித்தவர்கள் நல்ல சால்மன் மீனாகப் பார்த்துப் போட்டார்கள். மூன்றும் தொடவில்லை. ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. உடல் வற்றி எலும்பின் வடிவம் தெரிய ஆரம்பித்தது. 75ஆவது நாள் ஒன்று செத்தது. அதற்கும் சில நாள் கழித்துத்தான் மற்ற இரண்டும் மீனை வாயில் எடுத்தன.

அவற்றுக்கு நோய் எதுவும் இல்லை. அந்தக் கரையோரக் கடலில் முக்கியமாக இரண்டு வகை ஓர்காக்கள் வாழ்கின்றன. ஒரு வகை மீன் மட்டுமே தின்னும். இன்னொரு வகை கடல்நாய், கடற்பன்றி போன்ற பாலூட்டிகளை மட்டுமே வேட்டையாடும். ஒரே நீரில் இரண்டும் எதிரெதிரே கடந்து போகும், ஆனால் ஒன்றோடொன்று கூடுவதில்லை, ஒன்றின் உணவை மற்றது தொடுவதில்லை. பெடர் வளைகுடாவில் சிக்கியவை இரண்டாம் வகை. தலைமுறை தலைமுறையாக மரக்கறி மட்டுமே உண்ட வீட்டில் பிறந்த ஒருவர் பட்டினியிலும் இறைச்சியைக் கையால் தொடத் தயங்குவாரே, அதைப் போலத்தான். அம்மா தின்னக் கொடுக்காத ஒன்று அவற்றுக்கு உணவே இல்லை. இது 1970இல் யாருக்கும் தெரியாது. தப்பிய இரண்டையும் அந்த ஆண்டின் இறுதியில் யாரோ இரவோடிரவாக வலையைத் தாழ்த்தித் திறந்துவிட்டார்கள். அவை பின்னாளில் கடலில் உயிரோடு காணப்பட்டன.

ஓர்காக்களை அடைத்து வைக்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் பெரும்பாலும் தொட்டியின் அளவைப் பற்றித்தான் பேசுகிறோம். அது பெரிதா சிறிதா, நீர் சுத்தமா, மீன் போதுமா என்று கேட்கிறோம். இவையெல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால் அந்த மூன்று ஓர்காக்களும் காட்டியது வேறொன்று. ஓர்கா கடலில் வாழ்கிறது என்பது பாதி உண்மை. அது ஒரு குடும்பத்தில் வாழ்கிறது என்பதே மீதி. இந்த இரண்டாம் பாதியைப் புரிந்துகொண்டால்தான் தொட்டியில் ஏன் பற்கள் உடைகின்றன, ஏன் பயிற்சியாளர்கள் சாகிறார்கள் என்பதெல்லாம் ஒரே கதையாகத் தெரியும்.

பெயர் வைக்கப்பட்ட ஓர்காக்களை இந்தக் கட்டுரையில் அவன், அவள் என்றே எழுதப் போகிறேன். அப்படி எழுதத்தான் எனக்கு மனம் வருகிறது.

யார் இந்த ஓர்கா?

தமிழில் 'கொலைகாரத் திமிங்கிலம்' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலப் பெயரை அப்படியே மாற்றியது. ஓர்கா உண்மையில் டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தது, அந்தக் குடும்பத்திலேயே மிகப் பெரியது. பெரிய திமிங்கிலங்களையும் கூட்டமாகச் சேர்ந்து வேட்டையாடுவதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 'திமிங்கிலம்' என்ற சொல்லுக்கே 'திமி என்னும் பெருமீனை விழுங்குவது' என்று பொருள். அந்தத் திமிங்கிலத்தையும் விழுங்கும் 'திமிங்கிலகிலம்' என்றொரு உயிரைப் பழைய நூல்கள் கற்பனை செய்தன. அந்தப் பெயரை யாருக்காவது சூட்டலாம் என்றால் அது ஓர்காவுக்குத்தான் பொருந்தும். அவை குளிர்ந்த கடல்களில் மட்டும் இருப்பவை அல்ல. இலங்கையின் தெற்குக் கரையில் மிரிச பக்கம் திமிங்கிலம் பார்க்கப் படகில் போகிறவர்கள் எப்போதாவது ஓர்காக்களையும் கண்டிருக்கிறார்கள்.

வளர்ந்த ஆண் 6 முதல் 8 மீட்டர் நீளம் இருக்கும், 5 டன்னுக்கு மேல் எடை. முதுகுத் துடுப்பு மட்டுமே 1.8 மீட்டர் வரை உயரும், அதாவது ஓர் ஆள் உயரம். ஒரே நாளில் நூறு கிலோமீட்டரும் அதற்கு மேலும் நீந்தக்கூடியவை. மூளையின் எடை 5 கிலோவுக்கு மேல்.

அவற்றின் குடும்ப அமைப்பு தாய்வழி. வட பசிபிக்கின் மீன் தின்னும் ஓர்காக்களை 1970களின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புகைப்படம் எடுத்து, துடுப்பின் வடிவத்தையும் வடுக்களையும் வைத்து அடையாளம் கண்டு, யார் யாருடைய பிள்ளை என்று வம்சாவளியே எழுதி வைத்திருக்கிறார்கள். கனடாவின் மைக்கேல் பிக் என்ற ஆய்வாளர் தொடங்கிய வேலை இது. அதிலிருந்து தெரிய வந்தது வியப்பானது. மகள்கள் மட்டுமல்ல, மகன்களும் வாழ்நாள் முழுவதும் தாயோடுதான் இருக்கிறார்கள். இனச்சேர்க்கைக்காக மற்றக் கூட்டத்துப் பெண்களிடம் போவார்கள், பின் அம்மாவிடமே திரும்பி வந்துவிடுவார்கள். முப்பது வயதைக் கடந்த ஓர் ஆண் ஓர்காவின் தாய் இறந்துபோனால், அதற்கடுத்த ஓராண்டுக்குள் அவன் இறப்பதற்கான வாய்ப்பு சுமார் 14 மடங்கு கூடுகிறது என்று 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டது. முப்பது வயது, 5 டன் எடை, கடலில் எதிரியே இல்லாத விலங்கு. அம்மா போனால் அதனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

பெண்களுக்கு நாற்பது வயதளவில் மகப்பேறு நின்றுவிடும். அதன் பிறகும் பல பத்தாண்டுகள் வாழ்வார்கள். மகப்பேறு நின்றபின் நெடுங்காலம் வாழும் விலங்குகள் உலகில் மிகச் சிலவே. அந்தப் பாட்டிகள் சும்மா இருப்பதில்லை. சால்மன் குறைந்த ஆண்டுகளில் கூட்டத்துக்கு முன்னால் நீந்தி வழிகாட்டுவது பெரும்பாலும் அவர்கள்தான். மீன் எங்கே இருக்கும் என்ற நினைவு அவர்களிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனக்கென்று ஒலிவழக்கு உண்டு. குட்டி அதைத் தாயிடமிருந்து கற்கிறது. நெல்லைத் தமிழையும் கொங்குத் தமிழையும் காது பிரித்தறிவது போல, நீருக்குள் வைத்த ஒலிவாங்கியில் கேட்டே இது எந்தக் கூட்டம் என்று ஆய்வாளர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

2018 ஜூலையில் தாலேக்குவா என்ற பெண் ஓர்காவின் குட்டி பிறந்த சிறிது நேரத்தில் செத்தது. செத்த குட்டியைத் தலையில் தாங்கி, நழுவி மூழ்கும்போதெல்லாம் மூழ்கியெடுத்து, 17 நாட்கள் சுமந்தபடி சுமார் 1,600 கிலோமீட்டர் நீந்தினாள். இதைத் துயரம் என்று சொல்வது மனித உணர்வை விலங்கின்மேல் ஏற்றுவதாகும் என்று சிலர் எச்சரிக்கிறார்கள். எச்சரிக்கை சரியே. ஆனால் அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பிடித்த கதை

1960களின் தொடக்கம் வரை இந்த விலங்கை யாருக்கும் பிடிக்காது. மீனைத் தின்கிறது, படகைக் கவிழ்க்கும் என்று பயந்தார்கள். கனடாவின் செய்மோர் நீரிணையில் ஓர்காக்களைச் சுடுவதற்காகவே அரசு ஓர் இயந்திரத் துப்பாக்கியைக் கரையில் நிறுத்தியது. அது சுடப்படவில்லை. ஆனால் நிறுத்தினார்கள். 1964இல் வான்கூவர் காட்சியகம் ஒரு சிலை செய்ய மாதிரி தேவையென்று ஓர்கா ஒன்றைக் கொன்று வர ஆள் அனுப்பியது. ஈட்டி பட்ட அந்தக் குட்டி சாகவில்லை. நாய்போலப் படகின் பின்னால் இழுத்து வந்து அடைப்பில் விட்டார்கள். மோபி டால் என்று பெயர் வைத்தார்கள். மூன்று மாதமே உயிரோடிருந்தான். அதற்குள் அவனைப் பார்க்க வந்த மக்களுக்கு ஒன்று புரிந்துவிட்டது: இது கொலைகாரன் இல்லை.

காட்சியகங்கள் நடத்துவோருக்கும் ஒன்று புரிந்தது: இதற்குக் கூட்டம் கூடும். மறுஆண்டே சியாட்டிலைச் சேர்ந்த டெட் கிரிஃபின், மீனவர் வலையில் சிக்கிய ஓர் ஆண் ஓர்காவை 8,000 டாலருக்கு வாங்கி, நாமு என்று பெயரிட்டு, அதனோடு நீந்திக் காட்டினார். நாமு ஓராண்டு இருந்தான். அதே 1965இல் பிடிபட்ட ஷாமு என்ற குட்டி சான் டியேகோவின் சீவேர்ல்டு என்ற கடல்விலங்குப் பூங்காவுக்குப் போனாள். 1971இல் செத்துப்போனாள். பெயரை மட்டும் அந்த நிறுவனம் பல பத்தாண்டுகள் வைத்திருந்தது. ஒரு ஷாமு செத்தால் அடுத்த ஓர்கா ஷாமுவாக மேடையேறும். பார்க்க வந்த குழந்தைகளுக்கு ஷாமு சாகவே இல்லை.

இந்தக் கதையில் என்னால் எளிதாகக் கடந்துபோக முடியாத நாள் 1970 ஆகஸ்ட் 8. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பென் கோவ் என்ற உள்வளைகுடா. படகுகளும் விமானமும் வெடியோசையுமாகச் சுமார் 80 ஓர்காக்களைத் துரத்தி வலைக்குள் அடைத்தார்கள். குட்டிகளைத் தாய்களிடமிருந்து பிரித்தார்கள். ஏழு குட்டிகள் விற்பனைக்கு ஏற்றப்பட்டன. வலைக்கு வெளியே இருந்த பெரியவை ஓடிப்போகவில்லை, அங்கேயே கத்திக்கொண்டு சுற்றின. நான்கு குட்டிகளும் வளர்ந்த ஒரு பெண்ணும் வலையில் சிக்கி மூச்சடைத்துச் செத்தன. செத்தவை வெளியே தெரியக்கூடாது என்று வயிற்றைக் கிழித்துக் கல்லை நிரப்பி, வாலில் நங்கூரம் கட்டி ஆழத்தில் இறக்கினார்கள். நவம்பரில் சில உடல்கள் கரை ஒதுங்கின. அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

ஏன் குட்டிகள்? லாரியிலும் விமானத்திலும் ஏற்றுவதற்குச் சிறியவை வசதி. செலவும் குறைவு. அவ்வளவுதான் காரணம். தாயின் பேச்சையும் வேட்டையையும் கற்றுக்கொண்டிருந்த வயதிலேயே அவற்றைப் பிரித்தெடுத்தார்கள். 1976இல் வாஷிங்டன் மாநிலம் நீதிமன்றம் போய் இந்தப் பிடிப்பை நிறுத்தியது. அதற்குள் அந்தக் கடலின் தெற்குக் கூட்டங்கள் நாற்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினரை இழந்திருந்தன, பெரும்பாலும் இளம் தலைமுறை. இன்றும் அந்தக் கூட்டங்கள் எல்லாம் சேர்ந்து 75 அளவிலேயே நிற்கின்றன. 2005 முதல் அமெரிக்காவின் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கின்றன. அமெரிக்கக் கரையில் கதவடைத்ததும் பிடிப்பவர்கள் ஐஸ்லாந்துக்குப் போனார்கள்.

தொட்டி உடலுக்கு என்ன செய்கிறது

அமெரிக்க விதிப்படி ஓர்காத் தொட்டிக்குக் குறைந்தபட்ச அகலம் 14.6 மீட்டர், குறைந்தபட்ச ஆழம் 3.7 மீட்டர். 7 மீட்டர் நீளமுள்ள விலங்குக்கு அதன் நீளத்தில் இரண்டு மடங்கு அகலம், பாதி நீளம் ஆழம். நிமிர்ந்து நின்றால் வால் தரையில் இடிக்கும். பெரிய காட்சியகங்களின் தொட்டிகள் இதைவிடப் பெரியவை என்பதையும் சொல்ல வேண்டும். அவற்றின் ஆழமும் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். கடலில் இதே விலங்கு நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் இறங்கி வருகிறது.

தொட்டியில் வளர்ந்த ஆண்கள் எல்லாருக்கும் முதுகுத் துடுப்பு ஒரு பக்கமாகச் சரிந்து மடிந்திருக்கும். அந்தத் துடுப்பில் எலும்பு கிடையாது. ஆழத்தில் நீந்தும்போது நீரின் அழுத்தம் அதைத் தாங்குகிறது. மேற்பரப்பிலேயே மிதந்து, ஒரே திசையில் வட்டமடித்தால் அது வளைந்துவிடுகிறது என்பதே பொதுவான விளக்கம். கடலில் இது அரிது.

பற்கள் இன்னும் மோசம். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு தொட்டிகளில் இருந்த 29 ஓர்காக்களின் பற்களைப் பார்த்தது. பல் சேதமில்லாத ஒன்றுகூட இல்லை. சுவரையும் இரும்புக் கதவையும் கடித்துக் கடித்து உடைத்துக்கொண்டவை. உடைந்த பல்லில் சீழ் பிடிக்காமலிருக்கத் துளையிட்டு உள்ளிருக்கும் கூழை எடுத்துவிடுவார்கள். மனிதருக்குப் பல் மருத்துவர் துளையிட்டால் பிறகு அடைத்துவிடுவார். இவற்றுக்கு அடைப்பதில்லை. ஒவ்வொரு நாளும் குழாய் வைத்து அந்த ஓட்டையைக் கழுவ வேண்டும், வாழ்நாள் முழுக்க. கட்டி வைத்த யானை இடமும் வலமுமாக அசைந்துகொண்டே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். செய்ய ஒன்றுமில்லாத மூளை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கும். ஓர்கா கதவைக் கடிப்பதும் அதே வகைதான்.

கொசுக்கடியால்கூட ஓர்காக்கள் செத்திருக்கின்றன. இதை முதலில் படித்தபோது நம்ப முடியாமல் இன்னொரு முறை படித்தேன். 1990இல் ஃபுளோரிடாவில் கண்டூக் என்ற ஆணும், 2007இல் டெக்சாஸில் டாக்கு என்ற ஆணும் கொசு பரப்பும் வைரஸ் காய்ச்சலால் இறந்தார்கள். கடலில் ஓர்கா ஓரிடத்தில் நிற்பதில்லை, நடுக்கடலில் கொசுவும் இல்லை. தொட்டியில் மணிக்கணக்காக அசையாமல் முதுகு வெளியே தெரிய மிதக்கிறது. இரவில் கொசு வந்து உட்கார்கிறது.

ஆயுளைப் பற்றிக் கடுமையான வாதம் உண்டு. கடலில் பெண்கள் சராசரியாக ஐம்பது ஆண்டும், சிலர் எண்பதைத் தாண்டியும் வாழ்கிறார்கள். இப்போது தொட்டியிலும் கடலளவு ஆயுள் கிடைக்கிறது என்று நிறுவனத் தரப்பு ஆய்வாளர்கள் 2015இல் எழுதினார்கள். வேறு ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. எண்களை விட்டுவிட்டு கோர்க்கியை மட்டும் பார்க்கலாம். 1969இல் கனடாவின் பெண்டர் துறையில் பிடிபட்ட அவள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தொட்டியில் வாழ்ந்திருக்கிறாள். ஆகவே நீண்ட ஆயுளுக்கு அவளையே சான்று காட்டலாம். ஆனால் அவள் ஏழு முறை கருவுற்றாள். ஒரு குட்டிகூட இரண்டு மாதம் தாண்டவில்லை. குட்டிக்குப் பால் கொடுப்பதைக் காட்டித்தர அவளருகே அம்மாவோ பாட்டியோ இல்லை.

ஆபத்து யாருக்கு?

கடலில் ஓர்கா மனிதரைக் கொன்றதாக ஒரு நிகழ்வுகூடப் பதிவாகவில்லை. 2020இலிருந்து ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரம் ஒரு சிறு கூட்டம் பாய்மரப் படகுகளின் சுக்கானை இடித்து உடைக்கிறது. சில படகுகள் மூழ்கியும் இருக்கின்றன. அதில் இருந்தவர்களை அவை தொடவில்லை.

தொட்டிகளிலோ நான்கு பேர் இறந்திருக்கிறார்கள். அவற்றில் மூன்றில் ஒரே ஓர்காவின் பெயர் வருகிறது: டிலிக்கம்.

1983 நவம்பரில் ஐஸ்லாந்துக் கடலில் பிடிபட்டபோது அவனுக்கு ஏறக்குறைய இரண்டு வயது. ஓராண்டு ஒரு சிறு தொட்டியில் இருந்துவிட்டுக் கனடாவின் விக்டோரியா நகரருகே இருந்த 'சீலாண்ட்' காட்சியகத்துக்குப் போனான். அங்கே ஹைடா, நூட்கா என்ற இரண்டு மூத்த பெண்கள். ஓர்காக்களில் பெண்ணின் ஆட்சிதான். கடலில் என்றால் இளைய ஆணுக்கு அம்மாவின் நிழல் உண்டு, பிடிக்காதவரிடமிருந்து விலகிப்போக இடம் உண்டு. இங்கே இரண்டும் இல்லை. அவர்கள் அவனைப் பல்லால் கீறிக் கீறி உடலெங்கும் காயமாக்கினார்கள். இரவில் மூவரையும் எட்டு மீட்டர் அளவுள்ள இருட்டறை ஒன்றில் அடைத்தார்கள். யாராவது வலையை வெட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் அப்படிச் செய்தார்கள். மூவர் அசையவும் இடமில்லை.

1991 பிப்ரவரி 20 அன்று பகுதிநேரப் பயிற்சியாளராக இருந்த ஓர் இளம்பெண் கால் வழுக்கி அந்தத் தொட்டியில் விழுந்தார். மூன்று ஓர்காக்களும் அவரைக் கரையேற விடவில்லை. நீச்சல் போட்டிகளில் கலந்துகொண்டவர் அவர், ஆனாலும் பயனில்லை. காட்சியகம் மூடப்பட்டது. டிலிக்கத்தை ஆர்லாண்டோவின் சீவேர்ல்டு வாங்கியது. நல்ல உடல்வாகுள்ள ஆண், இனப்பெருக்கத்துக்கு வேண்டும். அவனுக்கு 21 குட்டிகள் பிறந்தன. 1999இல், பூங்கா மூடிய பின் ஒளிந்திருந்து தொட்டிக்குள் இறங்கிய ஒருவரின் உடல் காலையில் அவன் முதுகில் கிடந்தது. 2010 பிப்ரவரி 24 அன்று டான் பிராஞ்சோ என்ற பயிற்சியாளரை அவன் நீருக்குள் இழுத்துக் கொன்றான். நாற்பது வயது, மிகுந்த அனுபவம் உள்ளவர். தன் ஓர்காக்களை நேசித்தவர் என்றே எல்லாரும் சொன்னார்கள்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், 2009 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் அலெக்சிஸ் மார்ட்டினெஸ் என்ற பயிற்சியாளரை கேட்டோ என்ற ஆண் ஓர்கா கொன்றிருந்தான். கேட்டோ தொட்டியில் பிறந்தவன், கடலைக் கண்டதே இல்லை. சிறு வயதிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறி வந்தவன். கடலிலிருந்து பிடித்து வந்ததால்தான் டிலிக்கத்துக்குக் கோபம், தொட்டியில் பிறந்தவை சாது என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

ஏன் தாக்குகின்றன? டிலிக்கம் கொல்ல நினைத்தானா, விளையாடினானா, சலிப்பா, சினமா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். உள்ளே புகுந்து பார்க்க நமக்கு வழியில்லை. ஆனால் ஒரு நிகழ்ச்சி என் மனதில் நிற்கிறது. 2006 நவம்பரில் சான் டியேகோவில் கசாட்கா என்ற பெண் ஓர்கா தன் பயிற்சியாளரின் காலைக் கவ்விக்கொண்டு தொட்டியின் அடிக்குப் போனாள். மேலே வருவாள், மறுபடி போவாள். பயிற்சியாளர் பதறாமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பாதம் உடைந்து, உயிர் தப்பினார். அந்த நேரத்தில் பின்தொட்டியில் அவளுடைய குட்டி கத்திக்கொண்டிருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. மேடையில் ஆடவேண்டிய நேரம் அது. குட்டி கூப்பிடுகிறது, நடுவே கதவு.

ஓர்காக்களுக்கு ஓர்காக்களே ஆபத்தாவதும் உண்டு. 1989இல் அதே சான் டியேகோவில் ஐஸ்லாந்திலிருந்து வந்த காண்டு கனடாவின் கோர்க்கியை முட்டினாள். முட்டிய வேகத்தில் காண்டுவின் தாடையே உடைந்து இரத்தக்குழாய் அறுந்தது. முக்கால் மணிநேரம் குருதி கொட்டிச் செத்தாள். குட்டி ஆர்க்கிட் பக்கத்திலேயே நீந்திக்கொண்டிருந்தாள். ஒரே மொழி பேசாத, ஒரே ஊர்க்காரர் அல்லாத இருவரைத் தப்பியோட வழியில்லாத ஓரறையில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்கவே வேண்டியதில்லை.

டான் பிராஞ்சோவின் மரணத்துக்குப் பிறகு அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை அந்த நிறுவனத்தின்மேல் நடவடிக்கை எடுத்தது. காட்சி நேரத்தில் பயிற்சியாளருக்கும் ஓர்காவுக்கும் நடுவே தடுப்போ தொலைவோ இருக்க வேண்டும் என்று 2012இல் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் 2014இலும் அது நின்றது. பயிற்சியும் அன்பும் இருந்தால் ஆபத்தில்லை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

நியாயம் என்று சொல்வது எதை?

காட்சியகத் தரப்புக்கும் வாதங்கள் உண்டு, எல்லாவற்றையும் ஒதுக்கிவிட முடியாது. ஓர்காவை நேரில் பார்த்த குழந்தை கடலை நேசிக்கும் என்கிறார்கள். மோபி டாலின் கதையே அதற்குச் சான்று. மக்களின் பயத்தைப் போக்கியது அடைப்பில் கிடந்த ஒரு குட்டிதான். கருக்காலம் ஏறக்குறைய 17 மாதம் என்பது போன்ற சில தகவல்கள் தொட்டிகளிலிருந்துதான் முதலில் உறுதியாயின. இவை உண்மை. ஆனால் 1964இல் வேறு வழியில்லாமல் கற்ற பாடத்தை இன்றும் அதே விலை கொடுத்துக் கற்க வேண்டுமா? குடும்பம், மொழி, பாட்டியின் வழிகாட்டல் என்று நான் மேலே எழுதிய எல்லாமே கடலில் படகிலிருந்து பார்த்துக் கற்றவை. தொட்டியில் அவற்றைக் கற்க முடியாது, ஏனென்றால் அங்கே அவை இல்லை.

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்ப்பது உதவும். ஒன்று நலம் பற்றியது: இந்த விலங்கு எவ்வளவு துன்பப்படுகிறது, அதைக் குறைக்க முடியுமா? இன்னொன்று உரிமை பற்றியது: துன்பம் குறைந்தாலும், நம் கேளிக்கைக்காக அதை வைத்திருக்கலாமா? இந்த இரண்டும் மோதியதை 2014இல் கண்கூடாகப் பார்க்க முடிந்தது. மக்களின் எதிர்ப்பு வலுத்தபோது சீவேர்ல்டு நிறுவனம் சான் டியேகோவில் சுமார் 10 கோடி டாலர் செலவில் தொட்டியை இரண்டு மடங்காக்குவோம் என்றது. நலம் பற்றிய கேள்விக்கு நேரான பதில்தான். 2015 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் கடற்கரை ஆணையம் அனுமதி தந்தது, ஆனால் ஒரு நிபந்தனை வைத்தது: அங்கே இனி ஓர்காக்களுக்கு இனப்பெருக்கம் செய்யக்கூடாது. முதலில் எதிர்த்த நிறுவனம் 2016 மார்ச்சில் இனப்பெருக்கத்தையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது, பெரிய தொட்டியும் கைவிடப்பட்டது. அடுத்த தலைமுறை இல்லாத பெரிய தொட்டி யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. முன்பே கருவிலிருந்த கடைசிக் குட்டி கயாரா 2017 ஏப்ரலில் பிறந்து ஜூலையில் இறந்தாள்.

என் நிலை இதுதான்: வீட்டைப் பெரிதாக்கலாம், குடும்பத்தைக் கட்டித்தர முடியாது. ஆகவே எவ்வளவு பெரிய தொட்டியானாலும் அது ஓர்காவுக்குப் போதாது.

சட்டங்களும் மெல்ல அந்தப் பக்கம் வருகின்றன. கனடா 2019இல் திமிங்கிலங்களையும் டால்பின்களையும் புதிதாக அடைத்து வைப்பதைத் தடை செய்தது. பிரான்சு 2021இல் சட்டம் இயற்றியது. இந்தியா இருவருக்கும் முந்திவிட்டது. சென்னைக்குத் தெற்கே ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு 1998இல் பல்கேரியாவிலிருந்து கொண்டுவந்த டால்பின்கள் சில மாதங்களுக்குள் இறந்துபோயின. பின்னர் கொச்சியிலும் வேறு ஊர்களிலும் டால்பின் காட்சியகங்கள் தொடங்கத் திட்டம் வந்தபோது, 2013 மே 17 அன்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அனுமதி தரக்கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. டால்பின்களை 'மனிதரல்லாத நபர்களாக'க் கருத வேண்டும் என்று அறிவியலாளர் சிலர் சொல்வதை அந்த அரசுத் தாள் எடுத்துக்காட்டியது. நம் நாட்டு அரசுச் சுற்றறிக்கை ஒன்றில் அப்படி ஒரு சொற்றொடர் இருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

எதிர்த்திசையிலும் நடக்கிறது. 2018இல் ரஷ்யாவின் கிழக்குக் கரையில், நகோத்கா அருகே, சீனப் பூங்காக்களுக்கு விற்பதற்காகப் பிடித்த 11 ஓர்காக்களும் எண்பதுக்கும் மேற்பட்ட பெலூகா திமிங்கிலங்களும் நெருக்கமான அடைப்புகளில் கிடப்பது வெளியே தெரிந்தது. உலகெங்கும் எழுந்த கூச்சலால் மறுஆண்டு அவற்றில் எஞ்சியவற்றைக் கடலில் விட்டார்கள்.

உள்ளே இருப்பவர்களை என்ன செய்வது?

கதவைத் திறந்துவிட்டால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். போதாது. கெய்கோவின் கதை அதைச் சொல்கிறது. ஐஸ்லாந்தில் 1979இல் பிடிபட்டு, மெக்சிகோவின் ஒரு சூடான சிறு தொட்டியில் நோயுற்றுக் கிடந்தவன், ஒரு திரைப்படத்தால் உலகப் புகழ் பெற்றான். மக்கள் பணம் திரட்டி 1998இல் அவனை ஐஸ்லாந்துக் கடலுக்கே கொண்டுபோனார்கள். மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டான். 2002இல் தானாகவே நீந்தி நார்வே வரை போனான். ஆனால் காட்டு ஓர்காக் கூட்டம் எதிலும் சேரவில்லை, மனிதரையே தேடி வந்தான். 2003 டிசம்பரில் நிமோனியாவால் இறந்தான். தோல்வி என்கிறார்கள் சிலர். ஐந்து ஆண்டு கடல்நீரில் இருந்தானே என்கிறார்கள் சிலர்.

அதற்கு எதிர்மாறான கதை ஸ்பிரிங்கருடையது. 2002இல் சியாட்டில் அருகே தனியாகத் திரிந்த தாயற்ற குட்டி. ஒலிவழக்கைக் கேட்டு இவள் எந்தக் கூட்டம் என்று கண்டுபிடித்து, மருந்து கொடுத்துத் தேற்றி, சில மாதத்துக்குள் வடக்கே அவள் உறவினர்களிடம் கொண்டுவிட்டார்கள். சேர்ந்துகொண்டாள். பிறகு தாயும் ஆனாள். அவளுக்குப் போகக் குடும்பம் தெரிந்திருந்தது, மொழி மறக்கவில்லை.

பெரும்பாலான தொட்டி ஓர்காக்களுக்கு அந்த இரண்டும் கிடையாது. உடைந்த பற்களோடு, வேட்டை தெரியாமல், பல கடல்களின் கலப்பாகப் பிறந்தவை. ஆகவே நடுவழி ஒன்றை யோசிக்கிறார்கள்: ஒரு கடற்கழியை வலையால் அடைத்து, உண்மையான அலையும் மீனும் ஆழமும் உள்ள சரணாலயமாக்குவது. உணவும் மருத்துவமும் மனிதர் தருவார்கள், ஆட்டம் காட்டச் சொல்ல மாட்டார்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் அப்படியொன்றை அமைக்கப் பல ஆண்டுகளாக முயல்கிறார்கள். அது மெதுவாக நகர்கிறது, விலங்குகளின் ஆயுளோ அதற்காகக் காத்திருப்பதில்லை. பிரான்சின் ஆன்டீப் நகரப் பூங்கா 2025 ஜனவரியில் மூடப்பட்டபோது விக்கி என்ற தாயும் கெய்ஜோ என்ற மகனும் அங்கே மிஞ்சியிருந்தார்கள். விக்கியின் இன்னொரு மகனும் அண்ணனும் அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டுக்குள் இறந்திருந்தார்கள். சட்டம் வந்துவிட்டது, பார்வையாளர் போய்விட்டார்கள். அந்த இருவரையும் எங்கே அனுப்புவது என்பதற்கு மட்டும் விடை இல்லாமல் இருந்தது.

பென் கோவில் பிடித்த ஏழு குட்டிகளில் ஒருத்தி டோக்கிட்டே. மயாமிக்குப் போனாள். லோலிட்டா என்ற பெயரில் ஆடினாள். கூட இருந்த ஹியூகோ சுவரில் தலையை மோதிக்கொள்ளும் பழக்கமுள்ளவன். அவன் 1980இல் மூளை இரத்தக்குழாய் வெடித்துச் செத்த பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வேறொரு ஓர்காவை அவள் பார்க்கவில்லை. பிறந்த கூட்டத்தின் ஒலிகளை மட்டும் அப்போதும் எழுப்பிக்கொண்டிருந்தாள் என்கிறார்கள் கேட்டவர்கள். அந்தக் கடலோரத்தின் பூர்வகுடிகளான லம்மி மக்கள் அவளைத் தங்கள் உறவினள் என்று சொல்லி, திருப்பித் தரும்படி ஆண்டுக்கணக்காகக் கேட்டார்கள். 2023 மார்ச்சில் அவளைச் சொந்தக் கடலில் ஓர் அடைப்புக்குக் கொண்டுபோகப் போவதாக அறிவிப்பு வந்தது. ஆகஸ்ட் 18 அன்று இறந்துவிட்டாள். செப்டம்பரில் லம்மி மக்கள் அவளுடைய சாம்பலை அந்தக் கடலில் கரைத்தார்கள். அவள் கூட்டத்தின் மூத்தவள், 1928 வாக்கில் பிறந்தவள் என்று கணிக்கப்படும், ஆய்வாளர்கள் எல்25 என்று எண்ணிட்ட பெண் ஓர்கா, அந்த நீரில் அப்போதும் நீந்திக்கொண்டிருந்தாள்.